மைனர் காருக்கு டைமிங் வைத்த மாலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புகிறவள் இல்லை. ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அது வேறு. ஆனால் எங்கள் கிணற்றடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், போய் வேலையைப் பார் என்றுதான் சொல்வேன். என் மச்சி வீட்டுச் சமையலறைக் கூரைக்குள் ராத்திரியில் யாரோ நடக்கிறார்கள் என்று ஊரே கூடி ஓதிக்கொண்டிருந்தபோது, ஏணி வைத்து ஏறிப் பார்த்து, ஒரு கிழட்டு உடும்பைக் கீழே விரட்டியவள் நான்தான். இன்றைக்கும் மச்சி அதற்காக என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள், இத்தனை பேரை ஓதவைத்துவிட்டோமே என்கிற வெட்கம் அவளுக்கு. அப்படிப்பட்டவள் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் கணவர் பெயர் பாரூக். பல்லேபொலவிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு, வீட்டை ஒட்டினாற்போல் தகரம் போட்ட கராஜ். பழைய இங்கிலீஷ் கார்கள்தான் அவருடைய உயிர். மாத்தளை டவுனிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் "பாரூக் பாஸ்" என்று தேடிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கென்றும் அந்த வகையில் ஒரு மைனர் கார் இருந்தது, பச்சை நிறம், இரண்டு கதவு. அவர் வாப்பாவின் கார் இல்லை, யாரும் விட்டுப்போன கார் இல்லை, துருப்பிடித்துக் கிடந்ததை இவரே வாங்கி ஆணி ஆணியாகச் சேர்த்த கார். அந்தக் காரில்தான் நான் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். எடுத்தேனே தவிர ரோட்டில் ஓட்டியது குறைவு, எனக்குப் பயம்.

அந்தக் காரில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சார்ஜில் போட்டிருந்த பெட்டரியின் வயரை எடுக்கப் போயிருக்கிறார், ஒரு பொறி பறந்து பெட்டரி வெடித்துவிட்டது. அசிட் முழுக்க முகத்தில். நான் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினேன். கண்டிக்குக் கொண்டுபோனோம், இருந்தோம், வந்தோம். இரண்டு கண்ணும் போய்விட்டது. மங்கலாகத் தெரியும், வெளிச்சம் தெரியும் என்கிற பேச்சே இல்லை, உச்சி வெயிலில் நிறுத்தினாலும் அவருக்கு இருட்டுத்தான். டொக்டர் டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அணைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் கராஜுக்குள் கால் வைக்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அவர் கோபமும் படவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், இன்றைக்கு என்ன கறி என்றுகூடக் கேட்க மாட்டார். நான் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் இடித்துப் பக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வீட்டை ஓட்டினேன். காரை ஒருவர் விலைக்குக் கேட்டபோது, "என்ன செய்ய?" என்று கேட்டேன். "ஏதும் செய்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுத்தான் நான் விற்கவில்லை. படங்கு போட்டு மூடி வைத்தேன், அப்படியே இரண்டு வருஷம் கிடந்தது.

பிறகு அந்த மழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது, சந்திக்குப் போகும் ரோட்டில் மேட்டுப்பக்கம் சரிந்து மண்ணும் மரமும் குறுக்கே விழுந்துவிட்டன. த்ரீவீல்காரர்கள் எல்லோரும் சந்திப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வயல் ஓரமாகச் சுற்றிப் போகிற பின் ரோடு ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதில் போனால் ஆஸ்பத்திரி வரும், ஆனால் நடந்து போகிற தூரமில்லை.

அஸர் தொழுது எழும்பியிருப்பேன், "பரீனாக்கா! பரீனாக்கா!" என்று வெளியே கத்தல். பக்கத்துத் தோட்டத்துச் செல்வி. அவளும் புருஷன் கணேசனும் எஸ்டேட்டை விட்டு வந்து எங்கள் ஊரில் மிளகுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நல்ல மனிதர்கள். நானும் அவளும் மாவு இடித்தால் பாதி பாதி, அப்படிப் பழக்கம்.

"அக்கா, அவருக்குப் பாம்பு கடிச்சிருச்சு! தண்ணி ஓடுற கான் வெட்டப் போனாரு, எலைக்குள்ள கெடந்திருக்கு!"

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வயதான மோதினாரும் இன்னொருவருமாகக் கணேசனை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். கால் அதற்குள் வீங்கி மினுமினுவென்று ஆகிவிட்டது. பொலங்கா, கண்ணாடி விரியன்தான் என்று அவரே சொன்னார், கண்ணால் பார்த்தாராம். வாயைக் கொப்பளித்துத் துப்பினார், தண்ணீர் சிவப்பாக வந்தது. ஈறிலிருந்து ரத்தம். அதைப் பார்த்ததும் செல்வி கத்துவதை நிறுத்திவிட்டாள், அது இன்னும் பயமாக இருந்தது.

"நாக்காலியோடயே தூக்கிட்டுப் போவோம்" என்றார் மோதினார். சொன்ன அவருக்கே அது ஆகிற காரியமில்லை என்று தெரிந்தது. அந்த மழையில், அந்தச் சேற்றில், எப்போது போய்ச் சேர்வது?

அப்போது உள்ளேயிருந்து என் கணவர் குரல் கேட்டது. "காரை எடுப்பமே."

நான் திரும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார்.

"இஞ்சின் பிரிச்சுக் கெடக்கே" என்றேன்.

"டிஸ்ட்ரிபியூட்டர் மட்டுந்தான் வெளிய ஈக்கிது. மத்ததெல்லாம் சரி. அதைப் போட்டு டைமிங்க வெச்சாப் போதும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு எத்தனை காலம்! படங்கை இழுத்துப் போட்டோம். புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெற்றோலைச் செல்வி ஓடிப் போய் எடுத்து வந்தாள். டயருக்குக் காற்று அடித்தோம். பெட்டரிதான் இல்லை, அந்த விபத்துக்குப் பிறகு நான் ஒரு பெட்டரியையும் வீட்டுக்குள் விட்டதில்லை. மோதினார் பள்ளிவாசலுக்குப் போய், கரண்ட் போனால் மைக்குக்குக் கொடுக்கிற பெட்டரியைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார். அதைப் பார்த்ததும் ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். நான்தானே வயரைக் கொழுவி மாட்ட வேண்டும்?

"நீ பின்னால போ, நான் கொழுவுறேன்" என்றார் அவர். ஸ்பேனரை வாங்கி, தடவிப் பார்த்து, பிஸ்மி சொல்லி, முகத்தை ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் கொழுவினார்.

டிஸ்ட்ரிபியூட்டரை அவரே அதன் குழிக்குள் இறக்கினார். உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், எனக்கும் அவரைக் கட்டிய பிறகுதான் தெரியும். பழைய காரில் பிஸ்டன் மேலே வருகிற சரியான கணத்தில் பொறி விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பித்தான் அந்தக் கணத்தைப் பிடிப்பார்கள், அதுதான் டைமிங் வைப்பது. முந்தினால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், பிந்தினால் இழுவை இருக்காது. அவசரத்தில் முதலில் ஒரு குத்துமதிப்பாக வைத்துவிட்டு, "ஹேண்டிலப் போட்டு இழு" என்றார். முன்பக்கம் இருந்து நான் இழுத்தேன், ஹேண்டில் திருப்பி உதைத்ததில் என் மணிக்கட்டு போய்விட்டதென்றே நினைத்தேன். கார்பரேட்டருக்குள்ளிருந்து டப்பென்று நெருப்பு ஒன்று வந்து அணைந்தது.

"குத்துமதிப்பு சரிவராது. ஒழுங்கா வெப்போம்" என்றார்.

ஒழுங்காக வைப்பதென்றால் இப்படி. இஞ்சினின் அடியில், கப்பியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது பக்கத்து இரும்பில் உள்ள குறிக்கு நேரே வர வேண்டும். மோதினாரின் வெற்றிலைப் பொட்டலத்துச் சுண்ணாம்பை அந்த வெட்டில் தடவிவிட்டு, நான் சாக்கை விரித்துக் கீழே படுத்து போன் டோர்ச்சை அடித்தேன், மோதினார் ஹேண்டிலை மெல்லத் திருப்பினார், வெள்ளைக் கோடு குறிக்கு வந்ததும் "நில்லுங்க" என்றேன். அடுத்தது பல்பு. இரண்டு வயர் வைத்த ஒரு சின்ன பல்பு, ஸ்பேனரெல்லாம் போட்டுவைக்கும் அவருடைய ஆயுதப் பெட்டியில் எப்போதும் கிடப்பது. ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டி, மற்றதை இஞ்சின் இரும்பில் மாட்டி, சாவியைப் போட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால், பொறி விழுகிற சரியான இடத்தில் பல்பு பற்றி வெளிச்சம் தரும். பற்றிய இடத்தில் நட்டை இறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பல்பை ரேடியேட்டரின் மேல் வைத்திருந்தேன். என் இடது கையில் டோர்ச், வலது கையில் ஸ்பேனர், ஸ்பேனர் நட்டின் மேல். என் கணவர் இரண்டு கையாலும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருந்தார். மோதினார் முன்னால் ஹேண்டிலோடு குனிந்திருந்தார், பல்பு அவர் மூக்குக்கு நேரே.

என் கணவர் திருப்பினார். பல்பு பற்றவில்லை.

"பத்தல்லயே பாஸ்" என்றார் மோதினார்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டு விலகுகிற பொயின்டில் துரு இருக்கும் என்று என் கணவர் நெருப்புப் பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்து உள்ளே விட்டுத் தேய்த்தார். மறுபடியும் திருப்பினார். பற்றவில்லை. வயர்களைப் பிடுங்கி மாட்டினோம். பற்றவில்லை. வாசலில் செல்வி, "தூங்காதீங்க, கண்ண மூடாதீங்க" என்று கணேசனை உலுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்தது, இனி நாற்காலிதான் என்று நான் மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அப்போது என் கணவர், "ஆ, பத்துது" என்றார்.

நான் பல்பைப் பார்த்தேன். அது கறுப்பாகத்தான் இருந்தது.

அவர் மெல்லப் பின்னால் திருப்பினார். "அணைஞ்சிட்டு." மறுபடி முன்னால். "பத்துது. மஞ்சளா." தலையைச் சரியாகப் பல்பு இருந்த பக்கம் திருப்பியிருந்தார், கண் இமை அடித்துக்கொண்டிருந்தது. "பரீனா, இதான் எடம். இறுக்கு."

நானும் மோதினாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தக் கிழவரின் வாய் திறந்தபடி இருந்தது. பல்பு பற்றவில்லை, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க என் நாக்கு வரை வந்தது. ஆனால் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், இரண்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த முகம். நான் நட்டை இறுக்கினேன்.

ஹேண்டிலைத் தொட மோதினாருக்குப் பயம். நானே இழுத்தேன். ஒரே இழுப்பு. நம்பினால் நம்புங்கள், இரண்டு வருஷம் படங்குக்குள் கிடந்த இஞ்சின் ஒரே இழுப்பில் பற்றிக்கொண்டு, புகையைக் கக்கிவிட்டு, பிறகு தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கியது. செல்வி, "ஐயோ சாமி" என்று அழத் தொடங்கினாள்.

கணேசனைப் பின்சீட்டில் செல்வியின் மடியில் படுக்க வைத்தோம். ஓட்ட வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான். பக்கத்தில் அவர், உள்ளங்கையை டாஷ்போர்டில் வைத்தபடி. வயல் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது, வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடியது. "நிப்பாட்டாத, மெதுவாவே போ, காலை எடுக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோயில் மேடு வந்தது. அந்த மேடு நல்ல கார்களையே திணறடிக்கும். "செகண்டுக்குப் போடு" என்றார், போட்டேன், கார் ஒரு தட்டலுமில்லாமல் ஏறியது. ஏறி முடிந்ததும் அவர் சிரித்தார். பின்னால் ஒரு மனிதன் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறான், முன்னால் இந்த மனிதர் சிரிக்கிறார், எனக்கோ அழுகை. அப்படி ஒரு பயணம்.

இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மருந்து ஏற்றினார்கள், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், கொஞ்ச காலம் கஷ்டப்பட்டார். கால் தோல் உரிந்தது, ஆனால் கணேசன் தப்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டொக்டர் செல்வியிடம் சொன்னாராம். இப்போது மிளகு மரத்தில் ஏறுகிறார், நான் வேண்டாம் என்றால் கேட்கிறாரா?

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் மெல்லச் சொன்னார். "பரீனா, நான் வெளிச்சத்தப் பாத்தேன். வல்லாஹி, சத்தியமாப் பாத்தேன்."

"என்ன மாதிரி?"

"சின்னதா. பல்பு அளவுதான். சுத்திவர ஒன்டுமில்ல, அது மட்டும்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. கண் திரும்பிவருகிறதோ என்று கண் டொக்டரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, முன்பு எப்படியோ அப்படியேதான் என்றார். அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே, நான் அந்தப் பல்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தேன். உள்ளே இழை அறுந்து கிடந்தது, ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம். அந்தப் பல்பு பற்றவே முடியாது. மோதினாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் வாங்கிப் பார்த்துவிட்டு அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதையெல்லாம் நினைத்தவள்தான். என் டோர்ச் வெளிச்சம் பட்டிருக்கும் என்பீர்கள். டோர்ச் முழு நேரமும் எரிந்துகொண்டிருந்தது, அது வெள்ளை, அவர் சொன்னது மஞ்சள், அதுவும் பற்றி அணைந்து பற்றியது. சரி, பழக்கப்பட்ட கை, பொயின்ட் திறப்பது விரலுக்குத் தெரிந்திருக்கும் என்பீர்கள். இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை, நானே அப்படித்தான் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் பிறகு நான் சோதித்துப் பார்த்தேன். அவருக்குச் சொல்லாமல் புது பல்பைப் போட்டுக் கொடுத்தேன். அது பளீரென்று எரிந்தது. "பத்தல்லயே, வயரப் பாரு" என்றார். பழையதை மாட்டினேன், உடனே, "ஆ, இப்ப பத்துது" என்றார். பெட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். பற்றவில்லை என்றார். உடும்பைத் தேடி ஏணி ஏறினவள் நான், இந்தத் தடவை ஏணியின் மேலே ஒன்றும் இல்லை.

நான் தேடுவதை விட்டுவிட்டேன். ஏனென்றால், அந்த மாலைக்கு அடுத்த கிழமையே அவர் கராஜுக்குள் போய்விட்டார். ஆயுதங்களை அவருக்குப் பிடித்த ஒழுங்கில் நான் அடுக்கிக் கொடுத்தேன். முதலில் ஒரு கார் வந்தது, பிறகு இன்னொன்று. கண்ணுக்கு நான், கைக்கு அவர், டைமிங்குக்கு மட்டும் அந்தப் பல்பு. வருகிறவர்களிடம் நாங்கள் இதைச் சொல்வதில்லை, பல்பை அவர்கள் பக்கம் தெரியாமல் என் துணியால் மறைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் வேலை முடித்து வந்தால், "என்ன கறி?" என்று கேட்கிறார். ஒரு நாள் உப்புக் கூடிவிட்டது என்று சண்டைகூடப் பிடித்தார், எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. பல மாதம் கழித்து, ஒரு பெருநாளுக்கு முதல் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மருதோண்டி அரைத்துக்கொண்டிருந்த வாசனை வந்தது. இவர் சும்மா சொல்கிற மாதிரிச் சொன்னார், "கணேசனக் கொண்டுபோன அன்டைக்கு நீயும் போட்டிருந்தியே, நல்லாச் சிவந்திருந்திச்சு."

"எதை?"

"மருதோண்டி. பல்பப் புடிச்சிட்டிருந்த கை. வெளிச்சத்துல வெரல் மட்டும் தெரிஞ்சிச்சு."

நான் மருதோண்டி போடுவதே இல்லை, எனக்கு ஒத்துக்கொள்ளாது, கை புண்ணாகிவிடும். அன்றைக்கு என் இரண்டு கையிலும் டோர்ச்சும் ஸ்பேனரும் இருந்தன. பல்பு ரேடியேட்டரின் மேல் தனியாகக் கிடந்தது, அதை யாரும் பிடிக்கவில்லை. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. "ஓ, அதுவா" என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்துக்கொள்வேன், அவரும் சாதாரணமாகச் சொல்வார். போன வாரம் தம்புள்ளையிலிருந்து ஒரு பழைய கார் வந்தது, நல்லபடியாக டைமிங் வைத்து அனுப்பினோம். குழாயடியில் கைக்குச் சோப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"ஒன் மருதோண்டி எல்லாம் போயிட்டு வருது பரீனா. இப்ப நெகத்து நுனியில மட்டுந்தான் கொஞ்சம் சிவப்பு மிச்சம் ஈக்கிது."